இரும்புச்சத்துக் குறைபாடும் குழந்தையின் மூளையும்

இரும்புச்சத்துக் குறைபாடு என்பது உடலின் தேவைக்குப் போதிய இரும்பு கிடைக்காத நிலை ஆகும். இரத்தசோகை இதன் நன்கு அறியப்பட்ட விளைவு. கருவிலிருக்கும் காலத்திலும் பிறந்த முதல் இரண்டு ஆண்டுகளிலும் ஏற்படும் குறைபாடு, மூளையின் வேதிவினைகளையும் பாதிக்கிறது.

மூளையில் இரும்பின் பணிகள்

ஆற்றல்: பச்சிளங்குழந்தை ஓய்வில் செலவிடும் ஆற்றலில் பாதிக்கும் மேல் மூளைக்கே செல்கிறது. அந்த ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்டிரியாவிலுள்ள சைட்டோகுரோம் புரதங்களில் இரும்பு உள்ளது.

நரம்புக்கடத்திகள்: டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து டோப்பமினும், டிரிப்டோஃபானிலிருந்து செரோட்டோனினும் உருவாகின்றன. இவ்விரு வினைகளின் முதற்படியை நடத்தும் நொதிகள் இரும்பின்றி இயங்கா. கவனம், ஊக்கம், மனநிலை ஆகியவற்றில் இக்கடத்திகளுக்குப் பங்குண்டு.

மயலின் உறை: மின்கம்பியின் மேலுறை போல நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் கொழுப்புறை இது. நரம்புச் செய்திகள் விரைந்து செல்ல உதவுகிறது. இதை உருவாக்கும் செல்களுக்கு இரும்பு மிகுதியாகத் தேவை.

இரத்தத்திற்கே முதலிடம்

இரும்பு குறையும்போது உடல், இருப்பதை முதலில் சிவப்பணுக்களுக்கே வழங்குகிறது. இதனால் ஹீமோகுளோபின் அளவு குறையும் முன்பே மூளையில் பற்றாக்குறை தோன்றக்கூடும். இரத்தசோகை இல்லை என்பதால் மட்டும் மூளைக்குப் போதிய இரும்பு கிடைக்கிறது என்று கொள்ள இயலாது.

கோஸ்டா ரிக்கா ஆய்வு

மருத்துவர் பெட்சி லோசாஃப் தலைமையிலான குழு 1980களில் கோஸ்டா ரிக்காவில் 1 முதல் 2 வயதுக் குழந்தைகளை ஆராய்ந்தது. இரும்பு மருந்தால் அவர்களது இரத்தசோகை நீங்கியது. ஆயினும் கடுமையான, நாள்பட்ட குறைபாடு இருந்தவர்கள் 5 வயதிலும், 11–14 வயதிலும், 19 வயதிலும் அறிவுத்திறன் சோதனைகளில் மற்றவர்களைவிடப் பின்தங்கினர். ஏழைக் குடும்பங்களில் இந்த இடைவெளி வயதோடு விரிந்தது. நடுத்தரக் குடும்பங்களில் அவ்வாறு விரியவில்லை. மூளையின் வளர்ச்சியில் ஊட்டச்சத்தோடு வீட்டுச் சூழலும் சேர்ந்தே செயல்படுகிறது என்பதை இது காட்டுகிறது. வகுப்பில் கவனமின்றி இருக்கும் மாணவரைச் சோம்பேறி என்று முடிவு செய்யும் முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தடுக்கும் வழிகள்

இழந்த காலத்தைப் பின்னர் ஈடுசெய்வது கடினம் என்பதால் தடுப்பே சிறந்தது.

1. கர்ப்பிணிகள் மருத்துவர் தரும் இரும்பு, போலிக் அமில மாத்திரைகளைத் தவறாமல் உட்கொள்ள வேண்டும்.

2. பிறந்தவுடன் தொப்புள்கொடியை இறுக்காமல் குறைந்தது ஒரு நிமிடம் காத்திருக்குமாறு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இதனால் குழந்தைக்குக் கூடுதல் இரத்தமும் இரும்பும் கிடைக்கின்றன.

3. தாய்ப்பாலில் இரும்பு குறைவு. பிறக்கும்போதுள்ள சேமிப்பு ஏறத்தாழ ஆறு மாதமே போதும். அதன்பின் தாய்ப்பாலுடன் கேழ்வரகு, பருப்பு, கீரை, முட்டை, இறைச்சி போன்றவற்றை வயதுக்கேற்பக் குழைத்துத் தரலாம்.

4. நெல்லி, எலுமிச்சை, கொய்யா ஆகியவற்றிலுள்ள வைட்டமின் சி, தாவர உணவின் இரும்பை உடல் ஏற்க உதவும். உணவுடன் அருந்தும் தேநீர் அதைத் தடுக்கும்.

5. இந்தியப் பள்ளிகளில் வாரந்தோறும் வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையை மாணவர்கள் உணவுக்குப்பின் உட்கொள்ள வேண்டும்.

அளவுக்கு மீறிய இரும்பு நஞ்சாகும். எனவே மருத்துவர் கூறும் அளவையே பின்பற்ற வேண்டும். மாத்திரைகளைச் சிறு குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.