சபரிமலைக்குச் சிலை தந்த உத்தமபாளையம் வக்கீல்!

கார்த்திகை பிறந்துவிட்டால் தேனி - குமுளி சாலைக்குத் தூக்கம் கிடையாது. பஸ்களும் வேன்களும் கார்களுமாக ஐயப்ப பக்தர்களின் வரிசை நீண்டுகொண்டே போகும். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப்... அப்புறம் மலை ஏறினால் குமுளி. மாலை போட்ட சாமிகள் வழியில் டீ குடிக்க இறங்குவார்கள். சரண கோஷம் போட்டுவிட்டு மறுபடியும் வண்டி ஏறிவிடுவார்கள்.

தாங்கள் கும்பிடப் போகிற ஐயப்பன் விக்கிரகத்துக்கும், டீ குடித்த இந்த உத்தமபாளையத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

1950-ல் சபரிமலைக் கோயில் தீக்கிரையானது. பழைய விக்கிரகமும் சிதைந்தது. கோயிலைத் திரும்பக் கட்டி, 1951-ல் பிரதிஷ்டை செய்தபோது வைக்கப்பட்டதுதான் இப்போது இருக்கும் பஞ்சலோகத் திருமேனி. அதைச் செய்து கொடுத்தவர் உத்தமபாளையத்தில் பிறந்து, இங்கிலாந்தில் பாரிஸ்டர் பட்டம் வாங்கிய ஒரு வழக்கறிஞர். அவர்தான் சர் பி.டி.ராஜன். முழுப் பெயர் பொன்னம்பல தியாகராஜன்.

அந்தச் சிலை நேராக மலைக்குப் போய்விடவில்லை. தமிழ்நாட்டின் பல ஊர்களுக்கு ஊர்வலமாகக் கொண்டு செல்லப்பட்டது. அதில் அவரோடு கைகோத்தவர், நாடக உலகில் கொடிகட்டிப் பறந்த நவாப் ராஜமாணிக்கம். அவருடைய கம்பெனி ஐயப்பன் கதையை நாடகமாகவே போட்டது. இன்று தமிழ்நாட்டிலிருந்து லட்சக்கணக்கில் மலைக்குப் போகிறார்கள். அன்றைக்கு ஐயப்பனை அறிந்த தமிழ்க் குடும்பங்கள் குறைவு. அந்த ஊர்வலமும் நாடகமும் சேர்ந்துதான் ஐயப்பனைத் தெருத் தெருவாக அறிமுகப்படுத்தின.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், இவ்வளவு பக்தியோடு சிலை கொடுத்தவர் நீதிக்கட்சியின் தலைவர். ஆமாம், திராவிட இயக்கத்தின் தாய்க்கட்சி என்று சொல்லப்படும் அதே நீதிக்கட்சிதான்!

பாளையத்திலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்கு...

ராஜன் பிறந்தது 1892-ல். முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டது 1895-ல். அதாவது, அவருக்கு மூன்று வயது ஆகும்போது பெரியாற்றுத் தண்ணீரின் கதை தொடங்கிவிட்டது. ‘பாளையம்’ என்று சுற்றுவட்டாரம் செல்லமாகச் சுருக்கிச் சொல்லும் இந்த ஊரில் நிலபுலன் நிறைந்த குடும்பம் அவருடையது. பள்ளிப் படிப்புக்கே கேம்பிரிட்ஜில் உள்ள லேஸ் பள்ளிக்கு அனுப்பும் அளவுக்கு வசதி. பிறகு ஆக்ஸ்ஃபோர்டு ஜீசஸ் கல்லூரி. வரலாறும் சட்டமும் படித்து, லண்டன் இன்னர் டெம்பிளில் பாரிஸ்டர் ஆனார்.

அந்தக் காலத்தில் சட்டப் படிப்பு என்பது கோர்ட்டுக்குப் போவதற்கு மட்டுமான படிப்பாக இருக்கவில்லை. எந்தக் கதவையும் தட்டலாம் என்கிற தைரியத்தைக் கொடுத்த படிப்பு அது. தூத்துக்குடியில் வக்கீலாக இருந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை கப்பல் விட்டார். சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி, அரசியலுக்கு நடுவே ராமாயணமும் மகாபாரதமும் எழுதினார். திருநெல்வேலியில் வக்கீலாக இருந்த ரா.பி.சேதுப்பிள்ளை மேடைப் பேச்சால் ‘சொல்லின் செல்வர்’ ஆனார். தமிழுக்கான முதல் சாகித்ய அகாடமி விருதை 1955-ல் வாங்கினார். இந்த வரிசையில் உத்தமபாளையத்துக்காரருக்கும் ஓர் இடம் உண்டு. அவர் தட்டிய கதவு, சட்டசபை.

1920-ல் மாகாணத்தில் முதல் பொதுத்தேர்தல் வந்தது. சொத்தும் வரியும் உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு. காங்கிரஸ் அந்தத் தேர்தலைப் புறக்கணித்தது. ராஜன் நின்றார், ஜெயித்தார். வயது 28. பிறகு நீதிக்கட்சிக்காரர் ஆனார். 1937 வரை, தொடர்ந்து 17 ஆண்டுகள் சட்டசபையில் இருந்தார். கறுப்பு கோட்டைவிடச் சட்டசபை நாற்காலிதான் அவருடைய நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது.

1930-ல் முனுசாமி நாயுடு அமைச்சரவையில் அமைச்சர். 1932-ல் பொப்பிலி ராஜா முதன்மை அமைச்சரானபோதும் அமைச்சர். வளர்ச்சித் துறை, பொதுப்பணித் துறை எல்லாம் அவர் கையில். இரட்டை ஆட்சிக் காலம் என்பதால் முக்கியமான அதிகாரங்களை கவர்னர் பக்கம் வைத்துக்கொண்டு, மிச்சத்தைத்தான் இந்திய அமைச்சர்களிடம் கொடுத்திருந்தார்கள் வெள்ளைக்காரர்கள். எனவே அந்தக் கால அமைச்சரின் பெருமையை இன்றைய அமைச்சரோடு ஒப்பிட முடியாது.

நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தவர்

1936-ல் பொப்பிலி ராஜா ஐரோப்பாவுக்குச் சுற்றுப்பயணம் கிளம்பினார். அந்த ஏப்ரல் 4 அன்று முதன்மை அமைச்சர் பொறுப்பை ஏற்றார் பி.டி.ராஜன். அப்போதைய சென்னை மாகாணம் என்பது இன்றைய தமிழ்நாடு அல்ல. கடலோர ஆந்திரா, ராயலசீமா, மலபார், தென் கன்னடம் எல்லாம் அதற்குள் அடக்கம். ஒடிசா தனி மாகாணமாகப் பிரிந்து மூன்றே நாள்கள்தான் ஆகியிருந்தன. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த ஒருவர் அத்தனை பெரிய பரப்புக்கு முதன்மை அமைச்சர்!

ஆகஸ்ட் 24-ம் தேதி பொப்பிலி ராஜா மீண்டும் பொறுப்புக்கு வந்தார். ராஜன் நாற்காலியை அவரிடமே கொடுத்துவிட்டார். ஐந்து மாதங்கள்கூட முழுதாக ஆகவில்லை. ‘போனவர் திரும்பி வந்தால் நாற்காலி கிடைக்குமா’ என்று ஊரே வேடிக்கை பார்த்த எத்தனையோ கதைகளைப் பின்னாளில் தமிழ்நாடு பார்த்துவிட்டது. அதனால், இந்தச் சின்னச் சம்பவம் இன்றைக்குப் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் புதிதாகத்தான் இருக்கும்.

அடுத்த ஆண்டே காட்சி மாறியது. 1937 தேர்தலில் காங்கிரஸ் 215 இடங்களில் 159-ஐ அள்ளிக்கொண்டு போனது. பொப்பிலி ராஜாவே, பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி.கிரியிடம் தோற்றார். ஜமீன்தார்களும் சர் பட்டக்காரர்களும் நிறைந்த நீதிக்கட்சி, எழுந்திருக்க முடியாத அடி வாங்கியது. 1938-ல், இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்காகச் சிறையில் இருந்த பெரியாரைத் தலைவராக்கியது கட்சி.

1944, சேலம் மாநாடு. வெள்ளைக்கார அரசு கொடுத்த பட்டங்களையும் கௌரவப் பதவிகளையும் துறக்க வேண்டும் என்ற அண்ணாவின் தீர்மானம் நிறைவேறியது. நீதிக்கட்சியின் பெயர் திராவிடர் கழகம் ஆனது. பெரியாரும் அண்ணாவும் இளைஞர் கூட்டமும் ஒரு பக்கம். ‘இல்லை, நாங்கள் நீதிக்கட்சியாகவே இருப்போம்’ என்றவர்கள் இன்னொரு பக்கம். பி.டி.ராஜன் இரண்டாவது பக்கம் நின்றார். சில காலத்தில் அந்த மிச்சக் கட்சிக்கு அவரே தலைவரும் ஆனார்.

காலம் எந்தப் பக்கம் போகிறது என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? கூட்டம் எங்கே, எதிர்காலம் எங்கே என்று கணக்குப் போட்டிருந்தால், அங்கே நின்றிருக்கவே மாட்டார். பிடிவாதம் என்று சொல்பவர்கள் உண்டு. விசுவாசம் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் இடையில் கோடு போடுவது கஷ்டம்தான்.

1952-ல் சுதந்திர இந்தியாவின் முதல் தேர்தல். நீதிக்கட்சி விரல்விட்டு எண்ணும் இடங்களில் மட்டும் போட்டியிட்டது. 375 உறுப்பினர்கள் கொண்ட சட்டசபைக்கு அந்தக் கட்சியிலிருந்து ஜெயித்துப் போனவர் ஒருவர் மட்டுமே. கம்பம் தொகுதியில் பி.டி.ராஜன்! மாகாணம் முழுக்கக் கைவிட்ட கட்சியை, சொந்தப் பள்ளத்தாக்கு மட்டும் கைவிடவில்லை. அல்லது, கட்சியைப் பார்க்காமல் ஆளைப் பார்த்து ஓட்டுப் போட்டார்கள் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

புதிய சட்டசபை கூடியபோது உறுப்பினர்களுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைக்கத் தற்காலிக சபாநாயகர் தேவைப்பட்டார். அனுபவம் மிக்க மூத்தவரைத்தான் அந்த இடத்தில் உட்கார வைப்பது வழக்கம். அந்தப் பொறுப்பு, தன்னந்தனியாக உள்ளே வந்திருந்த ராஜனுக்கே கிடைத்தது. 1957-க்குப் பிறகு அவர் சட்டசபையில் இல்லை. அவரோடு நீதிக்கட்சியின் தேர்தல் கதையும் முடிந்தது.

கட்சி போனது. கோயில் இருந்தது. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் 1960-களின் தொடக்கத்தில் நடந்த பெரிய திருப்பணியை முன்னின்று நடத்தியவர் ராஜன்தான். கோபுரங்களும் மண்டபங்களும் புதுப்பொலிவு பெற்று, 1963-ல் கும்பாபிஷேகம் நடந்தது.

நீதிக்கட்சிக்காரருக்குக் கோயிலில் என்ன வேலை என்று கேட்பவர்கள், அந்தக் கட்சியின் பழைய கணக்கை மறந்துவிடுகிறார்கள். கோயில் சொத்துகளும் வரவு செலவும் யாரோ சிலரின் கையில் முடங்கக் கூடாது, அரசு கண்காணிக்க வேண்டும் என்று 1920-களில் அறநிலையச் சட்டம் கொண்டு வந்ததே நீதிக்கட்சி ஆட்சி, பனகல் அரசர் காலத்தில். இன்றைய இந்து சமய அறநிலையத் துறையின் வேர் அங்கேதான் இருக்கிறது. கோயில் வேண்டாம் என்பது அவர்கள் வாதம் அல்ல; கோயில் கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதுதான். சாமியை நம்பாத பெரியாரோடு ராஜன் ஒரே கட்சியில் இருந்ததும், பிறகு பிரிந்ததும் இந்தப் பின்னணியில்தான் புரியும்.

1974 செப்டம்பர் 25-ல் ராஜன் காலமானார். மகன் பி.டி.ஆர்.பழனிவேல் ராஜன் தி.மு.க-வில் வளர்ந்து, 1996 முதல் 2001 வரை சட்டசபை சபாநாயகராக இருந்தார். அப்பா சில நாள்கள் மட்டும் உட்கார்ந்த நாற்காலியில் மகன் ஐந்தாண்டுகள்! 2006 மே மாதத்தில் இந்து சமய அறநிலையத் துறை அமைச்சரானார் பழனிவேல் ராஜன். பதவியேற்ற ஒரு வாரத்துக்குள் மறைந்தும் போனார். பேரன் பழனிவேல் தியாகராஜன், 2021-ல் தமிழ்நாட்டின் நிதியமைச்சர் ஆனார்.

மதுரையிலும், சென்னை கே.கே.நகரிலும் ‘பி.டி.ராஜன் சாலை’ இருக்கிறது. அங்கே வீடு தேடுகிறவர்களுக்கும் டெலிவரி பையன்களுக்கும் அது ஒரு முகவரி. யார் இவர் என்று நின்று கேட்க யாருக்கும் நேரமில்லை.

பள்ளத்தாக்கில் அப்படியில்லை. இங்கே அவர் பெயர் தண்ணீரோடு வருகிறது. பெரியாற்றுத் தண்ணீர் வருவதால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. அது ஆற்றை ஒட்டிய வயல்களின் கதை. மேட்டில் இருக்கும் புன்செய்க்காரர்கள் மழைக்கால உபரித் தண்ணீரை எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள். அவர்களுக்காக இருக்கும் கால்வாய்களில் ஒன்று பி.டி.ராஜன் கால்வாய். அதோடு சேர்த்தே எப்போதும் உச்சரிக்கப்படும் இன்னொன்று, தந்தை பெரியார் கால்வாய்!

உத்தமபாளையம், போடி, தேனி வட்டாரங்களில் இந்த இரண்டும் சேர்ந்து 5,146 ஏக்கருக்குப் பாய்கின்றன. சேலத்தில் ஆளுக்கொரு பக்கம் நின்ற இருவரின் பெயரிலும், தண்ணீர் திறக்க ஒரே அரசாணைதான் வருகிறது. அணையில் தண்ணீர் போதாத வருடங்களில் மதகு திறப்பது தள்ளிக்கொண்டே போகும். அப்போது விவசாயிகள் மனுவோடு அதிகாரிகளைப் பார்க்கப் போவார்கள். ‘பி.டி.ஆருக்கும் பெரியாருக்கும் எப்பய்யா தொறப்பீங்க?’ என்பதுதான் அவர்களுக்கு அன்றைக்கு இருக்கும் ஒரே கேள்வி.