மாணவர் அறிவியல் போட்டிக்கு விவசாயியும் நடுவராகலாம்

ஏற்காடு, சேர்வராயன் மலைப் பகுதியில் காபியும் மிளகும் பயிரிடும் விவசாயியை, பள்ளி அறிவியல் போட்டிக்கு நடுவராக வரும்படி ஆசிரியர் அழைத்தால், "நான் என்ன படித்திருக்கிறேன்?" என்று தயங்குவது இயல்பே. தயங்க வேண்டியதில்லை. தோட்டம் பற்றிய ஆய்வை எடைபோடத் தோட்டம் தெரிந்தவர் வேண்டும்.

1993இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில், 10 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்கள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றைக் குழுவாக ஆராய்ந்து நடுவர்கள் முன் விளக்குவார்கள். தமிழ்நாட்டில் இதைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஒருங்கிணைத்து வந்துள்ளது. கடையில் வாங்கி ஒட்டிய மாடலைவிட, பிள்ளைகள் தாங்களே அளந்து எண்ணிய கணக்குக்கே இங்கு மதிப்பு அதிகம்.

என்ன கேட்க வேண்டும்?

காபி வெள்ளைத் தண்டுத் துளைப்பானை எடுத்துக்கொள்வோம். இது அராபிகா காபியின் பெரும் எதிரி. தாய் வண்டு பட்டை வெடிப்புகளில் முட்டையிடும். தேங்காய் மட்டையால் தண்டைத் தேய்த்து, உதிரும் பட்டையை நீக்கினால் முட்டையிட இடம் குறையும்.

"50 செடிகளைத் தேய்த்தோம், 50 செடிகளை அப்படியே விட்டோம். தேய்த்தவற்றில் தாக்குதல் குறைவு" என்று ஒரு குழு சொல்வதாக வைத்துக்கொள்வோம். உடனே கேளுங்கள்: "இரண்டும் ஒரே நிழலில் இருந்தனவா? ஒரே வயதுச் செடிகளா?" நிழல் குறைந்த இடத்தில் இந்த வண்டின் தாக்குதல் அதிகம். தேய்த்தவை சில்வர் ஓக் நிழலிலும், மற்றவை வெயிலிலும் இருந்தால், பலன் தேய்த்ததாலா நிழலாலா என்று சொல்ல முடியாது.

பலன் தெரியாவிட்டால்?

"மூன்று மாதம் பார்த்தோம், வித்தியாசம் இல்லை" என்று இன்னொரு குழு சொல்லலாம். அதற்காக மதிப்பெண்ணைக் குறைத்துவிடாதீர்கள். ஏப்ரல்-மே மாதங்களிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் வண்டுகள் வெளிவந்து பறக்கும். புழு தண்டுக்குள் பல மாதம் மறைந்திருக்கும். தண்டில் வரிவரியாக மேடு தெரிவதற்கும் நாளாகும். எனவே மூன்று மாதக் கணக்கு போதாது. இதை அந்தப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லத் தோட்டக்காரரே தகுந்தவர். உள்ளதை உள்ளபடி எழுதிய பிள்ளை தோற்று, கணக்கைத் திருத்தி எழுதிய பிள்ளை பரிசு பெற்றால், பொய்க்குப் பரிசு கொடுத்ததாகிவிடும்.

கவனிக்க வேண்டியவை

1. குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தேதியும் எண்ணிக்கையும் இருக்க வேண்டும்.
2. ஆசிரியரைக் கேட்காமல் பிள்ளையையே கேளுங்கள்.
3. உறவினர் பிள்ளை போட்டியில் இருந்தால் முன்கூட்டியே சொல்லி விலகிக்கொள்ளுங்கள்.
4. பரிசு பெறாத குழுவுக்கும் அடுத்த முறை செய்ய வேண்டியதை ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இதில் நமக்கும் லாபம் உண்டு. புதிய மருந்தோ உரமோ விற்க வருபவர் "பத்து ஏக்கரில் பலன் கண்டோம்" என்றால், "மருந்து போடாத செடியைப் பக்கத்திலேயே விட்டுப் பார்த்தீர்களா?" என்று அதே கேள்வியை அவரிடமும் கேட்கலாம். நம் தோட்டத்திலும் ஒரு வரிசையை அப்படியே விட்டுப் பார்த்த பிறகு, முழுத் தோட்டத்துக்கும் பணம் செலவிடலாம்.

அடுத்த முறை பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால், அரை நாள் வேலையை ஒதுக்கிவிட்டுச் சென்று வாருங்கள்.