முதலில் வந்தவனுக்குச் சரஸ்வதி

1822-ல் கவர்னர் மன்றோ சென்னை ராஜதானியின் பள்ளிக்கூடங்களைப் பற்றி விசாரித்தார். மறு வருஷம் பல்லாரிக் கலெக்டர் காம்ப்பெல் அனுப்பிய அறிக்கை, அக்காலத்துத் தண்டனைகளை விவரிக்கிறது. காலையில் முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள், இரண்டாமவனுக்குச் சுழி, மூன்றாமவனுக்கு ஓர் அடி, பின்னால் வருவோருக்கு ஒவ்வோர் அடியாக ஏறும். சோம்பேறியை இரு கைகளையும் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவதும் உண்டு.

2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் அடியைத் தடுத்துவிட்டது. "பிரம்பில்லாமல் ஒழுங்கு எப்படி வரும்?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில், தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து பெற்றோர் திரும்பும்வரை தம்பியைப் பார்த்துக்கொள்ளும் சிறுவன் பள்ளிக்குப் பிந்தித்தான் வருவான். அவனுக்கு எத்தனை அடி கொடுப்பது? பழைய கணக்கில் வரிசை உண்டு, காரணத்துக்கு இடமில்லை. காரணத்தைக் கேட்டறிவதே உபாத்தியாயர்களாகிய நம் கடமை.