இருவர் ஏறும் இரண்டு வண்டிகள்

கூரையை மடித்து வைத்துவிட்டு, காற்று முகத்தில் மோத, வளைந்து செல்லும் வீதியில் மோட்டார் வண்டியோட்டுவது தனியோர் இன்பம். அவ்வின்பத்தை நடுத்தர வருமானமுடையோர்க்கும் எட்டச் செய்தது இங்கிலாந்தின் எம். ஜி. பி. வண்டி, அதனையே ஒரு கலையாக்கிக் காட்டியது இத்தாலியின் அல்பா ரோமியோ ஸ்பைடர். இவ்விரண்டில் எது சிறந்தது?

எம். ஜி. பி. 1962ஆம் ஆண்டில் அபிங்டன் நகரத் தொழிற்சாலையிலே பிறந்தது. அதன் எஞ்சினிற் பெரும் புதுமை எதுவுமில்லை. நம் நாட்டு வீதிகளும் நன்கறிந்த மொறிஸ் ஒக்ஸ்போட், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் முதலிய குடும்ப வண்டிகளின் எஞ்சினுக்கு அது உடன்பிறப்பு, முழுவதும் வார்ப்பிரும்பு. 1798 கன சென்ரிமீற்றர் அளவுக்குப் பெருப்பித்து, அதிலே 95 பரிவலுவைப் பெற்றனர். கியர்கள் நான்கு. பின் அச்சைத் தாங்குவன பழைய முறையிலமைந்த வில்தகடுகளே.

அல்பாவோ 1966 மார்ச்சில் ஜெனீவாக் கண்காட்சியில் அரங்கேறியது. அதன் உடலை வடித்தது பினின்பரீனா நிறுவனம். நிறுவனத்தின் தாபகர் அடுத்த மாதமே காலமானார். முன்னும் பின்னும் ஒடுங்கி வழுவழுப்பாயிருந்த அவ்வுடலைக் கண்ட இத்தாலியர், ‘கணவாய் ஓடு’ என்றே அதற்குப் பட்டஞ் சூட்டினர். எஞ்சின் 1570 கன சென்ரிமீற்றர்தான்; எனினும் அலுமினியத்தாலானது. வால்வுகளை இயக்கும் இரு தண்டுகளும் அதன் தலைமேலேயே சுழன்றமையால் 109 பரிவலு கிடைத்தது. கியர்கள் ஐந்து, நான்கு சக்கரங்களிலும் வட்டுப் பிரேக்குகள்.

இவ்வளவில் வெற்றி அல்பாவுக்கே என்று தோன்றும். ஆனால், பழுதுபார்ப்பவனைக் கேட்டால் கதை மாறும். வால்வின் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டுமா? எம். ஜி. பி.யின் எஞ்சின் மூடியைக் கழற்றி, ஒரு ஸ்பனரும் திருப்புளியும் அளவுத்தகடும் கொண்டு, பொறுமையுள்ள எவரும் செய்துவிடலாம். அல்பாவிலோ அத்தண்டுகளையே கழற்றி, நுட்பமாய் அளந்தெடுத்த சிறு தகடுகளை மாற்றியாக வேண்டும்.

காலம் இரண்டையுமே சோதித்தது. அமெரிக்கச் சட்டங்களுக்கிணங்க, 1974இல் எம். ஜி. பி.க்குக் கரிய பெரும் முட்டுத்தாங்கிகளைப் பூட்டி, உடலையும் உயர்த்தினர். வளைவுகளில் அதன் நிதானம் குறைந்தது. 1980இல் அபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்டது. அல்பா தன் வட்ட வாலை இழந்தபோதிலும், 1993 வரை உற்பத்தியில் நிலைத்தது.

ஆயினும் வியப்பு இதன் பின்னரே நிகழ்ந்தது. தொழிற்சாலை மூடி எட்டாண்டுகள் கழிந்து, 1988இல், எம். ஜி. பி.யின் முழு உடற்கூட்டையும் பழைய அச்சுக்களைக் கொண்டே இங்கிலாந்திற் புதிதாக வார்த்தெடுக்கத் தொடங்கினர். துருப்பிடித்த வண்டிகள் மறுபிறவி எய்தின. வாங்குவோர் இருந்தமையாலன்றோ செய்வோரும் முன்வந்தனர்!

ஒருநாள் ஓட்டி மகிழ்வதற்கு அல்பாவே சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால், ஆயுள் முழுவதும் உடன்வைத்திருக்க விரும்புவோன், தன் கையாலேயே திருத்தக்கூடிய வண்டியைத்தான் தெரிந்தெடுப்பான். அழகு நம்மை அழைக்கிறது. எளிமையோ நம்மோடு தங்கிவிடுகிறது.