கட்டி எங்கே முடிகிறது?

திருவண்ணாமலைக்குப் போனால் ரமணாசிரமத்துக்கும் போயிருப்பீர்கள். 1949-ம் வருஷம் அங்கே நடந்த ரண சிகிச்சைகளைப் பற்றிக் கேட்டதுண்டோ?

பகவான் ரமணரின் இடது முழங்கையருகே ஒரு சிறு கட்டி. பிப்ரவரியில் அறுத்து எடுத்தார்கள், மறுபடி முளைத்தது. மார்ச்சில் மீண்டும் அறுத்தார்கள். 'சார்க்கோமா' என்ற புற்றுநோய்! ரேடியம் வைத்துப் பார்த்தார்கள். ஆகஸ்டில் ஒரு தடவை, டிசம்பரில் ஒரு தடவை கத்தி வைத்தார்கள். கையையே எடுத்துவிடலாம் என்றார்கள், பகவான் சம்மதிக்கவில்லை. 1950 ஏப்ரல் 14-ல் சமாதியடைந்தார்.

டாக்டர்களைக் குறை சொல்லாதீர்கள். சென்னையிலிருந்தும் கைதேர்ந்தவர்கள் வந்து அறுத்தார்கள். ஆனால் கட்டி எங்கே முடிகிறது, நல்ல சதை எங்கே ஆரம்பிக்கிறது என்று வெறும் கண்ணுக்கு எப்படித் தெரியும்? விரல் நுனியால் தடவிப் பார்க்க வேண்டியதுதான்.

இன்று ஒரு வகை மூளைக் கட்டிக்கு, ஆபரேஷனுக்குச் சில மணி முன்னால் ஒரு மருந்தைக் குடிக்கக் கொடுக்கிறார்கள். பிறகு நீல ஒளியைப் பாய்ச்சினால் கட்டி இளஞ்சிவப்பாக ஒளிர்கிறது! அமெரிக்காவில் 2017-ல் இதற்கு அனுமதி கிடைத்தது.

சார்க்கோமாவுக்கு இந்தோசயனின் பச்சை என்ற சாயத்தை ஊசியில் ஏற்றி, அகச்சிவப்புக் காமிராவில் பார்க்கிறார்கள். இது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. வீக்கம் கண்ட நல்ல சதையிலும் சாயம் தங்கிவிடுமாம். அதனால், எடுத்த சதையின் ஓரத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பதை டாக்டர்கள் விடவில்லை.