தண்ணீரில் நிற்கும் கீரை வாடுவது ஏன்?

மொட்டைமாடியில் மண்ணே இல்லாமல், சத்துக் கரைசல் நிரம்பிய தொட்டியில் கீரை வளர்க்கிறீர்கள். சித்திரை வெயில் ஏறியதும் இலைகள் துவண்டு தொங்குகின்றன. வேரோ நீரில் மூழ்கித்தான் கிடக்கிறது. பிறகு எப்படி வாட்டம்?

ஒரு செடியைத் தூக்கி வேரைப் பாருங்கள். வெள்ளைவெளேரென்று இருந்தது பழுப்பேறி, தொட்டால் கொழகொழவென்று கையோடு உரிந்து வரும். நாற்றமும் அடிக்கும்.

வேரும் மூச்சுவிடுகிறது. நீரில் கரைந்த ஆக்சிஜன்தான் அதற்கு ஆதாரம். அது குறைந்தால், சுற்றிலும் நீர் இருந்தும் வேரால் உறிஞ்ச முடிவதில்லை.

இதில் வெயில் என்ன செய்கிறது? சோடா பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஜில்லென்று இருந்தால் வாயு உள்ளேயே தங்கும்; சூடாகிவிட்டால் திறந்ததும் பொங்கி ஓடிவிடும். ஆக்சிஜனும் அப்படித்தான். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் சுமார் 7.5 தான். அதே சூட்டில் வேரின் தேவையோ கூடுகிறது! இப்படி நலிந்த வேரைத்தான் பித்தியம் என்ற நுண்ணுயிரி பிடித்து அழுக வைக்கிறது.

எனவே உரத்தைக் கூட்டாதீர்கள்; தொட்டிக்கு நிழல் கொடுங்கள். ஒளிபுகாத மூடி போட்டால் பாசியும் படராது. மீன்தொட்டிக்குப் போடும் காற்று மோட்டார் ஒன்று இரவும் பகலும் ஓடட்டும்.

கரைசலின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 5.5 முதல் 6.5 வரை இருப்பது நல்லது. அதற்கு மேல் ஏறினால் இரும்புச்சத்து கிடைக்காமல் தளிர் மஞ்சளாகும். வெயிலில் ஆவியாவது நீர் மட்டுமே, உப்புகள் தங்கிவிடும். எனவே தொட்டியில் குறையும் நீரை நல்ல தண்ணீராலேயே நிரப்புங்கள்.