நூல் அறுந்தால் முதலில் நூற்கட்டையைப் பாருங்கள்

காணியை விட்டு வந்த குடும்பத்திடம் மண்வெட்டி இருக்கலாம். கொத்துவதற்குத் தன் நிலம் இருப்பதில்லை. வந்த இடத்தில் இரவல் வளவின் ஓரத்தில் நாலு கத்தரிக் கன்று வைக்கலாம். அதற்குமேல் பயிர் செய்ய இடமும் இல்லை, நீரும் இல்லை. ஆகவே ஒரு மேசையும் நல்ல வெளிச்சமும் இருந்தால் செய்யக்கூடிய கைத்தொழில்களைப் பலர் நாடுகிறார்கள். தையல், கூடை பின்னுதல், வலை முடிதல் என்பவற்றை எல்லோரும் அறிவோம். தூண்டில் ஈ கட்டும் தொழிலைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. இலங்கையில் இருந்தும் இவை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. பெண்கள் பலர் இத்தொழிலில் ஈடுபட்டிருக்கிறார்கள்.

இத்தொழிலைப் பழகுவோரை ஆரம்பத்திலேயே சோர்வடையச் செய்யும் ஒரு தொல்லை உண்டு. நூல் சிக்குவதும் அறுவதுமே அது. அதற்குக் காரணம் கைதான் என்று எண்ணிப் பலர் மனம் உடைந்துபோகிறார்கள். பல வேளைகளில் குற்றம் கையில் இல்லை, நூலைச் சுற்றிய விதத்திலேயே இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பது எப்படி, திருத்துவது எப்படி என்பதை இங்கு பார்ப்போம்.

தூண்டில் ஈ என்றால் என்ன?

குளிர்நாட்டு ஆறுகளில் வாழும் ட்றவுட் போன்ற மீன்கள் நீரில் விழும் ஈக்களையும் பூச்சிகளையும் உண்பவை. அந்தப் பூச்சியைப் போலத் தோன்றும்படி தூண்டில் முள்ளின்மேல் இறகு, உரோமம், பஞ்சு என்பவற்றை வைத்து நூலால் கட்டுவதே தூண்டில் ஈ. இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஏறக்குறைய கி.பி. 200 அளவில் வாழ்ந்த ஏலியன் என்னும் உரோம எழுத்தாளர், மக்கெதோனியா நாட்டு மக்கள் தூண்டில் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் இறகு இரண்டை வைத்துக் கட்டி மீன் பிடித்ததை எழுதிவைத்திருக்கிறார். இன்றும் சேவலின் கழுத்து இறகே இத்தொழிலின் முக்கிய மூலப்பொருள்.

எமது நாட்டிலும் ட்றவுட் மீன் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் அதைக் கொண்டுவந்து நுவரெலியாப் பகுதியின் குளிர்ந்த ஓடைகளில் விட்டார்கள். ஆனால் இங்கு கட்டப்படும் ஈக்கள் பெரும்பாலும் ஏற்றுமதிக்கானவை. அவை டசின் கணக்கில் விலைபோகின்றன. ஒரு டசினில் உள்ள பன்னிரண்டும் ஒரே அளவாகவும் ஒரே வடிவாகவும் இருக்கவேண்டும். எண்ணிக்கைக்குக் கூலி பெறுபவருக்கு, கழிக்கப்படும் ஒவ்வோர் ஈயும் நட்டமே.

நூலும் அதைப் பிடிக்கும் கருவியும்

முன்னர் பட்டு நூல் பாவித்தார்கள். இப்போது நைலோன் அல்லது பொலியெஸ்ரர் நூலே பெரும்பாலும் பாவிக்கப்படுகிறது. நூலின் பருமனை டெனியர் என்னும் அளவால் குறிப்பார்கள். 9000 மீற்றர் நூல் எத்தனை கிராம் நிறையோ அதுவே அதன் டெனியர். சிறிய ஈக்களுக்குப் பாவிக்கும் 70 டெனியர் நூலில் 9000 மீற்றர் 70 கிராம்தான். அப்படியானால் 100 மீற்றர் நூல் ஒரு கிராமும் வராது. தலைமயிர் போன்ற இந்த நூலை வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும்.

நூல் சிறிய பிளாஸ்ரிக் கட்டையில் சுற்றி வருகிறது. அந்தக் கட்டையைப் பொபின் பிடி என்னும் கருவியில் மாட்டுவார்கள். இரண்டு கம்பிக் கைகள் கட்டையின் இரு பக்கத்தையும் அமத்திப் பிடிக்கும். நூல் ஒரு சிறு குழாய் வழியாக வெளியே வரும். தையல் மெசினில் அடிநூல் சுற்றும் பொபின் வேறு, இது வேறு. நூலை இழுக்கும்போது கட்டை சீராக உருளவேண்டும். விட்டதும் நிற்கவேண்டும். கட்டையில் நூல் பிழையாகச் சுற்றப்பட்டிருந்தால் இது நடவாது.

பிழையான கட்டையை அறிவது எப்படி?

கிணற்றில் நீர் இறைத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கயிற்றைத் தளர்வாகச் சுற்றி, அதன்மேல் பாரத்துடன் இறுக்கிச் சுற்றினால் மேற்கயிறு அடிச்சுற்றுக்குள் புதைந்துவிடும். திரும்ப அவிழ்க்கும்போது வழியில் பிடித்துக்கொண்டு வெடுக்கென்று விடும். நூற்கட்டையிலும் நடப்பது இதுவே. பின்வரும் அடையாளங்களைக் கவனியுங்கள்.

1. விரலால் அமத்தினால் நூல் பஞ்சுபோல் அமிழ்கிறது. நன்றாகச் சுற்றிய கட்டை கெட்டியாக இருக்கும்.

2. நூல் நடுவில் குவிந்து மேடாக அல்லது ஒரு பக்கத்தில் மட்டும் உயர்ந்து நிற்கிறது.

3. நூல் கட்டையின் விளிம்பு வரை நிரம்பியிருக்கிறது. இப்படியான கட்டையில் நூல் விளிம்பைத் தாண்டி வெளியே வழுக்கி, பிடியின் கையைச் சுற்றிக்கொள்ளும்.

4. ஒரு மீற்றர் நூலை மெதுவாக இழுக்கும்போது சீராக வராமல் விட்டு விட்டு வருகிறது.

புதிய கட்டை கையில் கிடைத்ததும், வேலை தொடங்குமுன் இந்த நான்கையும் பாருங்கள். ஒரு நிமிடம் போதும்.

குற்றம் கட்டையிலா, கருவியிலா?

புதிதாகப் பழகும் ஒரு தங்கையை நினைத்துக்கொள்வோம். மூன்றாவது முறையும் நூல் அறுந்துவிட்டது. கண் கலங்குகிறது.

"அக்கா, வெங்காயம் நட்ட கை இது. இந்த நுணுக்க வேலைக்கு வராது."

"அப்படிச் சொல்லாதை பிள்ளை. என்ரை கட்டையைப் போட்டுக் கட்டிப் பார்."

அக்கா சொன்னதே சரியான சோதனை. நன்றாக ஓடும் வேறொரு கட்டையை அதே பிடியில் மாட்டிப் பாருங்கள். தொல்லை நின்றுவிட்டால் குற்றம் கட்டையில். நிற்காவிட்டால் பிடியைப் பார்க்கவேண்டும்.

பிடியில் மூன்று இடங்களில் குறை வரலாம். குழாயின் வாய் பிசிறாக இருந்தால் நூலை அரிந்துவிடும். பழைய நூலொன்றைக் குழாயில் விட்டு முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். நூல் மயிர்விட்டால் குழாய் பழுது. குழாயில் மெழுகு அடைத்திருந்தாலும் நூல் தடைப்படும். அதை நைலோன் தூண்டில் நரம்பின் துண்டொன்றை விட்டுச் சுத்தம் செய்யலாம். மூன்றாவது, கம்பிக் கைகளின் இறுக்கம். நூலின் நுனியை ஈயில் கட்டிய நிலையில் பிடியைத் தொங்கவிடுங்கள். அது தன் பாரத்தால் தானாகக் கீழே இறங்கக்கூடாது. மெதுவாக இழுத்தால் இறங்கவேண்டும். இறுக்கம் கூடினால் கைகளைச் சற்று வெளியே வளையுங்கள். குறைந்தால் உள்ளே வளையுங்கள்.

கட்டையின் பிளாஸ்ரிக் விளிம்பிலும் சில வேளை பிசிறு இருக்கும். நகம் தேய்க்கும் சிறு அரத்தால் அதை மெதுவாகத் தேய்த்துவிடலாம்.

வேலை நடுவில் சிக்கினால்

நூல் வராது நின்றால் பலத்துடன் இழுக்கவேண்டாம். இழுக்க இழுக்க நூல் இன்னும் ஆழமாகப் புதையும். பதறாத காரியம் சிதறாது என்பார்கள்.

முதலில் ஈயில் இரண்டு மூன்று அரை முடிச்சுப் போட்டுக் கட்டியதைக் காப்பாற்றுங்கள். பின்னர் கட்டையைப் பிடியில் இருந்து கழற்றுங்கள். புதைந்த நூலை நேராக இழுக்காமல், கட்டையின் மற்ற விளிம்புப் பக்கமாகச் சரித்து, மெதுவாகத் தளர்த்தித் தளர்த்தி எடுங்கள். நூலை இழுப்பதற்குப் பதிலாகக் கட்டையைக் கையால் உருட்டுவது நல்லது. ஊசி முனையால் மேலே கிடக்கும் சுற்றைச் சற்றுத் தூக்கியும் விடலாம். கத்தியால் வெட்டவேண்டாம். ஓரிடத்தில் வெட்டினால் பல சுற்றுக்கள் துண்டாகிவிடும்.

வெளியே எடுத்த பின், கெட்டியான சுற்று வரும்வரை இரண்டு மூன்று மீற்றர் நூலை உருவி எறிந்துவிடுங்கள். வீணாகிறதே என்று கவலைப்பட வேண்டாம். சிறிய ஈ ஒன்றுக்கு ஒரு மீற்றருக்கும் குறைவான நூலே போதும். நூலைக் காப்பாற்றப் போய், முள்ளும் இறகும் அரைவாசி வேலையும் கெட்டால் நட்டம் அதிகம்.

நூல் அறுந்தே விட்டால், ஈயில் இருக்கும் நுனி அவிழுமுன் அதை இறகு பிடிக்கும் கவ்வியால் பிடித்துத் தொங்கவிடுங்கள். புதிய நூலை அதே இடத்தில் வைத்து, அறுந்த நுனியையும் சேர்த்து ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கள். பின்னர் இரண்டு நுனிகளையும் ஒட்ட வெட்டிவிட்டு வேலையைத் தொடரலாம். விரைவாகச் செய்தால் பெரும்பாலும் ஈயைக் காப்பாற்றிவிடலாம்.

மீளச் சுற்றும் முறை

சில மீற்றர் உருவிய பின்னும் நூல் சிக்கினால், கட்டை முழுவதும் தளர்வு என்று அறிந்துகொள்ளலாம். அதை வேறொரு வெறுங்கட்டைக்கு மாற்றிச் சுற்றவேண்டும். முடிந்த கட்டைகளை எறியாமல் வைத்திருப்பது இதற்கு உதவும்.

கையால் சுற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும். பிள்ளைகளும் உதவலாம். பழைய கட்டையை ஒரு நீண்ட ஆணியில் அல்லது தடித்த ஈர்க்கில் கோத்து, தாராளமாக உருளும்படி ஒருவர் பிடிக்கவேண்டும். கட்டையை நிறுத்திவைத்து அதன் தலைப்பக்கத்தால் நூலை உருவக்கூடாது. அப்படி உருவினால் ஒவ்வொரு சுற்றுக்கும் நூலில் ஒரு முறுக்கு ஏறும். முறுக்கு ஏறிய நூல் தளர்ந்தவுடன் சுருண்டு சிக்கிவிடும்.

வெறுங்கட்டையைக் கடதாசி சுற்றிய பென்சிலில் இறுக்கமாகச் செருகுங்கள். பழைய நூலின் நுனியைக் கட்டையில் நாலைந்து சுற்றுச் சுற்றி நழுவாமல் செய்யுங்கள். இனிப் பென்சிலை ஒரு கையால் உருட்டுங்கள். மற்றக் கையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் மடித்த பருத்தித் துணியை வைத்து, அதற்குள்ளால் நூலை ஓடவிடுங்கள். அந்தத் துணியின் பிடிதான் நூலுக்கு இறுக்கத்தைக் கொடுக்கிறது. தொடக்கம் முதல் முடிவு வரை அதே பிடி இருக்கவேண்டும். இடையில் தளர்த்திப் பின்னர் இறுக்கினால் பழைய குறையே திரும்பி வரும்.

நூலை ஓரிடத்தில் குவியவிடாமல் ஒரு விளிம்பில் இருந்து மற்ற விளிம்புக்கு மெதுவாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவாருங்கள். சுற்றுக்கள் சற்றுச் சரிவாக ஒன்றையொன்று குறுக்கிட்டுக் கிடப்பது நல்லது. அப்போது மேல்நூல் அடிநூலுக்குள் இறங்க இடம் இராது. விளிம்புக்குக் கீழ் இரண்டு மூன்று மில்லிமீற்றர் இருக்கும்போது நிறுத்திவிடுங்கள்.

மிகையாக இறுக்கவும் வேண்டாம். நைலோன் நூல் இழுபடும் தன்மை உள்ளது. இழுத்தபடி சுற்றினால் அது சுருங்க முயன்று கட்டையையே நெரிக்கும்.

தையல் மெசின் இருந்தால் வேலை இன்னும் இலகு. அடிநூல் சுற்றும் பாகத்தில் வழமைபோல நூலை இறுக்கத் தட்டின் ஊடாக விட்டு, தையல் பொபினிலேயே சுற்றிக்கொள்ளலாம். சக்கரத்தின் நடுத் திருகைத் தளர்த்தி ஊசி ஓடாமல் செய்யவும், மெதுவாக மிதிக்கவும் மறக்கவேண்டாம். சிறிய பொபின் பிடியில் தையல் பொபின் அநேகமாகப் பொருந்தும். பெரிய பிடியானால் அதன் கைகளை மெதுவாக உள்ளே வளைக்கவேண்டும்.

பேணும் வழி

வேலை முடிந்ததும் நூலின் நுனியைக் கட்டையின் விளிம்பிலுள்ள வெட்டில் செருகுங்கள். வெட்டு இல்லாவிட்டால் ஒட்டும் நாடாத் துண்டொன்றால் ஒட்டிவையுங்கள். நுனி தளர்ந்தால் நன்றாகச் சுற்றிய கட்டையும் ஒரே இரவில் கெட்டுவிடும். கட்டைகளை மூடியுள்ள ரின்னில் வையுங்கள். தகரக் கொட்டிலில் வெயிலும் தூசியும் படும்படி வைத்தால் நாளடைவில் நூல் வலுவிழக்கும். இன்னோர் இடத்துக்குப் போக நேர்ந்தாலும் தொழில் முழுவதும் அந்த ரின்னோடு கூட வரும்.

வேலை கொடுப்பவரிடமிருந்து நூல் பெறுபவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டையைப் பெற்ற அன்றே சோதியுங்கள். குறை கண்டால் பாவிக்குமுன் காட்டுங்கள். மாற்றித் தராவிட்டால், குறையுள்ள கட்டை தரப்பட்டது என்பதைத் திகதியுடன் குறித்துவைத்து அவருக்கும் சொல்லுங்கள். மாத முடிவில் கழிவு கூடிவிட்டது என்று கூலியைக் குறைக்கும்போது, சும்மா தலைகுனிந்து நிற்கவேண்டி வராது.

இங்கு சொன்னவை தூண்டில் ஈக்கு மட்டும் உரியவை அல்ல. தையல் நூலுக்கும் வலை முடியும் நைலோன் நூலுக்கும் இதே விதிதான்: ஒரே இறுக்கம், சீரான பரப்பு, நிரம்பாத விளிம்பு. மண்வெட்டி பிடித்த கைக்கு நுணுக்க வேலை வராது என்று யாரும் எண்ணவேண்டாம். நாற்று நட்ட விரல்களும் புகையிலை முடிந்த விரல்களும் அளவும் ஒழுங்கும் அறிந்தவை. அடுத்த முறை நூல் அறும்போது கையை நோகாமல் கட்டையைக் கழற்றிப் பாருங்கள்.